டணாய்க்கன்கோட்டை: பெயர்ந்த சாமியும் பெயராத ஊரும்

ஓர் அணைக்கு நிலம் எடுக்க வந்த ரெவின்யூ ஆட்கள் எழுதும் பட்டியலில் என்ன இருக்கும்? நஞ்சை இத்தனை ஏக்கர், புஞ்சை இத்தனை ஏக்கர், கிணறு, தென்னை, புளியமரம், ஓட்டு வீடு, கூரை வீடு. 1894-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் கேட்டது அவ்வளவுதான். சந்தை விலையைப் போட்டு, கட்டாயமாக எடுப்பதற்காக அதன்மேல் நூற்றுக்கு 15 சேர்த்துக் கொடுத்தால் கணக்கு முடிந்தது. எதற்கு நேரே ஓர் உடைமையாளன் பெயரை எழுத முடியுமோ அதற்கு விலை உண்டு. இடிந்து கிடக்கும் கோட்டை மதிலுக்கு நேரே யார் பெயரை எழுதுவது? படைகளும் பொதிமாடுகளும் நூற்றாண்டுக் கணக்கில் இறங்கி வந்த கணவாய்ப் பாதைக்கு? புலியோடு மல்லுக்கட்டிச் செத்தவனுக்காகக் காட்டோரம் நட்டுவைத்த கல்லுக்கு?

பவானிசாகர் அணையை இந்தக் கேள்விகளோடு பார்க்கும் முயற்சி இது. அணை நல்லதா கெட்டதா என்ற பட்டிமன்றம் இங்கே இல்லை. ஈரோட்டுக்காரரிடம் போய் அந்தக் கேள்வியைக் கேட்டால் நம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தன் வயலைக் காட்டுவார். நான் பார்க்க விரும்புவது அந்தத் தண்ணீருக்கு அடியில் போன மரபில் எது காப்பாற்றப்பட்டது, எது விடப்பட்டது, அந்தத் தேர்வை யார் எப்படிச் செய்தார்கள் என்பதை.

இரண்டு ஆறும் ஒரு கணவாயும்

நீலகிரியின் மேற்குப் புறத்தில் பிறந்து, அட்டப்பாடிப் பக்கம் போய்ச் சுற்றி, மேட்டுப்பாளையம், சிறுமுகை வழியாகக் கிழக்கே வருகிறது பவானி. முதுமலைக் காட்டிலிருந்து இறங்கி, நீலகிரிக்கும் மைசூர் மேட்டுநிலத்துக்கும் நடுவே ஆழமான பள்ளத்தாக்கை அறுத்துக்கொண்டு வருகிறது மாயாறு. இரண்டும் கூடும் இடத்துக்குச் சற்றுக் கீழேதான் இன்றைய அணை. கூடும் இடத்துக்கு அருகே, இன்று நீர் நிற்கும் பரப்பில், டணாய்க்கன்கோட்டை இருந்தது.

கோட்டை அங்கே ஏன் இருந்தது என்று தெரிந்தால்தான் போனது என்னவென்று விளங்கும். மைசூர் மேட்டிலிருந்து கொங்குச் சமவெளிக்கு இறங்க அந்தக் காலத்தில் இருந்த முக்கியமான வழி கஜலட்டிக் கணவாய். இன்று நாம் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றிச் சாம்ராஜ்நகருக்குப் போகிறோம். ஹைதரும் திப்புவும் படையோடு இறங்கியது கஜலட்டி வழியாக. அந்தக் கணவாயில் இறங்கி மாயாற்றைக் கடந்தால் காலடி வைக்கும் முதல் ஊர் டணாய்க்கன்கோட்டை. மேட்டு நாட்டுக்கும் கொங்குக்கும் இடையே வாசற்படி மாதிரி அமைந்த ஊர் அது.

கட்டியவன் ஒரு போசளத் (ஹொய்சளத்) தண்டநாயகன், அதாவது படைத்தலைவன். தண்டநாயகன் என்ற பட்டம்தான் கன்னட வாயில் தண்ணாயகனாகி, நம் ஊர் வாயில் டணாய்க்கனாகிவிட்டது. மூன்றாம் வல்லாளன் காலத்தில், 14-ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில், இன்றைய குண்டல்பேட்டைப் பக்கத்துத் தெரக்கணாம்பியை இருப்பிடமாகக் கொண்டு ஆண்ட பெருமாள் தண்டநாயகனின் மகன் மாதவ தண்டநாயகன். ‘நீலகிரி சாதாரன்’, நீலகிரியை அடக்கியவன், என்பது அவர்கள் வழியில் வந்த விருதுப்பெயர்களில் ஒன்று. கோட்டைக்கும் அந்தப் பெயர் உண்டு. கோட்டைக்குள் எழுப்பிய பெருமாள் கோயிலுக்கு வைத்த பெயர் மாதவப் பெருமாள். கட்டியவன் தன் பெயரையே சாமிக்கும் கொடுத்துவிட்டான். இன்று நாளிதழ்களில் மாதவராயப் பெருமாள் கோயில் என்று வருவது இதுதான்.

போசளர் போனபின்னும் இடத்தின் மவுசு குறையவில்லை. மைசூர்ப் போர்களில் கோட்டை கைமாறிக்கொண்டே இருந்தது. 1790 செப்டம்பரில் திப்பு கஜலட்டி வழியாக இறங்கி வந்து சத்தியமங்கலத்தில் கர்னல் ஃபிளாய்டின் படையோடு மோதினான். திப்பு விழுந்த மறு ஆண்டு, 1800-இல், கும்பினியார் அனுப்பிய பிரான்சிஸ் புக்கனன் இந்த ஊருக்கு வந்து தங்கி, இங்கிருந்து மலைச்சரிவில் ஏறி இருளர் குடியிருப்பைப் பார்த்துவிட்டு இறங்கினார். வெள்ளைக்காரர்கள் நீலகிரி மேட்டுக்கு முதன்முதலாக ஏறத் தொடங்கியபோது அவர்களுக்கு அடிவாரமாக இருந்ததும் டணாய்க்கன்கோட்டைப் பக்கம்தான். ஊட்டி என்றதும் இன்றைக்கு மேட்டுப்பாளையமும் மலை ரயிலும் நினைவுக்கு வருகின்றன. அது பின்னால் போட்ட வழி.

ஆக நீர் மூடியது ஒரு கோயிலை மட்டும் என்று நினைத்துக்கொண்டால் கணக்கு தப்பும். ஒரு வழியும், அந்த வழிக்காகவே பிறந்த ஊரும், அந்த ஊருக்குக் காவலாக நின்ற கோட்டையும் சேர்ந்து போயின.

அணைக்கு முன்னால் இருந்த அணைகள்

கொங்குக்கு அணை புதிதல்ல. அதுவும் இந்த பவானி ஆற்றிலேயே புதிதல்ல. 13-ஆம் நூற்றாண்டில், கொங்குப் பாண்டியர் காலத்தில், காளிங்கராயன் பவானி ஆறு காவிரியில் சேர்வதற்குச் சற்று முன்னால் ஓர் அணைக்கட்டைப் போட்டு, நொய்யல் வரைக்கும் வாய்க்கால் வெட்டினான். நேர்கோட்டில் போனால் பாதித் தூரம்; நிலத்தின் வாட்டத்துக்கு வளைந்து வளைந்து 56 மைல் போகிறது. கோணவாய்க்கால் என்று பெயரே உண்டு. இன்றைக்கும் 15,743 ஏக்கர் அதில் பாய்கிறது. அதற்கு மேலே கோபி பக்கம் கொடிவேரி அணை. அதிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் 24,504 ஏக்கரை நனைக்கின்றன.

இவை எதிலும் ஊர் மூழ்கவில்லை. காரணம் தொழில்நுட்பம்: பழைய அணைக்கட்டுகள் ஆற்றின் குறுக்கே போட்ட தாழ்ந்த கற்சுவர்கள். தண்ணீரைச் சற்றே உயர்த்தி வாய்க்காலின் வாயில் திருப்பிவிட்டு, மிச்சத்தை மேலே வழியவிடும். கொடிவேரியில் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நின்று குளிப்பது அந்த வழிந்து விழும் தண்ணீரில்தான். ஆற்றைத் தேக்கி வருஷம் முழுக்க வைத்துக்கொள்ளும் ஆசை அந்தக் காலத்துக்காரனுக்கு இருந்திருந்தாலும் செய்யும் வழி கையில் இல்லை. வருகிற தண்ணீரைப் பங்கு போடுவது அவன் தொழில்.

காளிங்கராயனைப் பற்றி வெள்ளோட்டுப் பக்கம் சொல்லும் கதை ஒன்று உண்டு. சொந்தக் காட்டுக்குத் தண்ணி கொண்டுபோகத்தான் வாய்க்கா வெட்டினான் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்பதற்காக, தானும் தன் வம்சமும் அந்த வாய்க்காத் தண்ணியைத் தொடமாட்டோம் என்று சொல்லி, குடும்பத்தோடு பொள்ளாச்சிப் பக்கம் ஊத்துக்குளிக்குப் பெயர்ந்து போனான் என்பது கதை. வரலாறு எவ்வளவு, வழக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்ட நான் முயலவில்லை. ஆனால் ஒரு சமூகம் பாசன வேலை ஒன்றை எப்படி ஞாபகம் வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறது என்பதை இந்தக் கதை காட்டுகிறது. வெட்டினவன் எதையோ விட்டுக்கொடுத்தான் என்பதுதான் அதன் உயிர். பவானிசாகரில் விட்டுக்கொடுத்தவர்கள் வேறு ஆட்கள். அவர்களைப் பற்றி இப்படி ஒரு கதை ஈரோட்டிலும் பெருந்துறையிலும் புழங்கி நான் கேட்டதில்லை.

1948 முதல் 1955 வரை

பவானிசாகர் அணையும் அதன் வாய்க்காலும் சேர்ந்த கீழ்பவானித் திட்டம் சுதந்திரத்துக்குப் பின் நாடு எடுத்துச் செய்த முதல் பெரிய பாசனத் திட்டங்களில் ஒன்று. வேலை 1948-இல் தொடங்கி 1955-இல் முடிந்தது. இதற்காகச் சட்டமன்றத்தில் விடாமல் குரல் கொடுத்தவர் தியாகி எம்.ஏ.ஈஸ்வரன். கீழ்பவானி விவசாயிகள் இன்றைக்கும் அவர் பெயரைச் சொல்லாமல் கூட்டத்தைத் தொடங்கமாட்டார்கள்.

அணை பெரும்பாலும் மண்கரை. எட்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். நடுவில் ஆற்றுப் பகுதி மட்டும் கல்கட்டு. உயரம் 120 அடி. அதில் சகதிக்கு 15 அடியைத் தள்ளிவிட்டு 105 அடி என்றே ஊரில் கணக்கு சொல்வார்கள். கொள்ளளவு 32.8 டிஎம்சி. கீழ்பவானி வாய்க்கால் 200 கிலோமீட்டர் ஓடி, சத்தி, கோபி, பெருந்துறை, அரச்சலூர் தாண்டிக் கரூர் மாவட்டம் வரை போகிறது. ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், 2,07,000 ஏக்கர். அதை இரண்டாகப் பிரித்து, 1,03,500 ஏக்கருக்கு ஆகஸ்ட் வாக்கில் நெல்லுக்கு விடுவார்கள். மீதிப் பாதிக்கு அடுத்த பருவத்தில் கடலை, எள் மாதிரி புஞ்சைப் பயிருக்கு விடுவார்கள். அடுத்த வருஷம் முறை மாறும். மானாவாரிச் சோளமும் கம்பும் பார்த்துக்கொண்டிருந்த மேட்டுக்காடுகளில் நெல்லும் மஞ்சளும் கரும்பும் வந்தது இதனால்தான். வாய்க்காலுக்குக் கீழே இருந்த கிணறுகளுக்கெல்லாம் கசிவுநீர் ஊறியது. நேரடிப் பாசனத்தில் பெயர் இல்லாதவனும் பிழைத்தான்.

இந்தப் பக்கத்தைச் சுருக்கமாக எழுதக்கூடாது என்றாலும், இதைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அணைக்கு மேல் பக்கத்துக்குப் போவோம்.

எது பெயர்ந்தது, எது நின்றது

மூழ்கப்போகிற ஊர் ஒன்றிலிருந்து கொங்குக்காரன் முதலில் எதை எடுப்பான்? வாழ்ந்த வீட்டின் மரத்தை: கதவு, நிலை, உத்தரம். அடுத்தது சாமியை. டணாய்க்கன்கோட்டைக் கோயில்களின் திருமேனிகளை எடுத்துவந்து, அணைக்கு இந்தப் பக்கம் புதிதாகக் கோயில் கட்டி வைத்தார்கள். இன்றைக்கும் பூசை நடக்கிறது. பழைய ஊர்க்காரர்களின் பேரன் பேத்திகள் நோன்பு நாளுக்கு அங்கே வருகிறார்கள்.

இது எளிதாக முடிந்ததற்குக் காரணம் நம் வழக்கத்திலேயே அதற்கு ஒரு முறை இருந்தது. கொங்கில் ஒவ்வொரு கூட்டத்துக்கும், அதாவது குலப்பிரிவுக்கும், ஒரு காணி உண்டு. காணி ஊரில் குலதெய்வம் உண்டு. பஞ்சமோ பகையோ பிழைப்போ துரத்தி வேறு சீமைக்குப் போனவர்கள், பழைய கோயிலில் பிடிமண் எடுத்துப் போய்ப் போன இடத்தில் கோயில் கட்டிக்கொண்டார்கள். சாமி நகரும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அணை வந்தபோது அரசாங்கமோ தொல்லியல்காரர்களோ வந்து சொல்லித்தரவேண்டிய தேவை ஏற்படவில்லை. மக்களே செய்துகொண்டார்கள்.

ஆனால் பிடிமண் முறையால் காப்பாற்ற முடிந்தது வழிபாட்டை மட்டும்தான். வழிபடுகிற ஆள் இல்லாத எதுவும் அந்த முறைக்குள் வராது. போசளக் கல்மண்டபத்தின் தூண், கோட்டையின் மதில், அகழி, கோட்டைவாசல் இருந்த திசை, கணவாயிலிருந்து வந்த பாதை ஊருக்குள் நுழைந்த இடம், இதில் எதையும் ஒரு பிடி மண்ணில் எடுத்துக்கொண்டு போக முடியாது. காட்டோரத்து நடுகல்லும் புலிக்குத்திக் கல்லும் ஒரு குடும்பத்தின் கும்பிடு இருந்தால் பிழைக்கும். இல்லாவிட்டால் வெறும் கல்.

சட்டம் உடைமையாளன் இருப்பதை எண்ணியது. சனம் கும்பிடு இருப்பதைத் தூக்கிக்கொண்டு போனது. இரண்டு சல்லடையிலும் விழாமல் கீழே போனதுதான் நாம் இன்றைக்கு மரபு என்று சொல்கிறோமே, அதில் பெரும்பகுதி. இந்த நிகழ்வில் எனக்குப் படும் முக்கியமான விஷயம் இதுதான். அழிக்கவேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. அலட்சியம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடவும் முடியாது. இருந்த இரண்டு ஏற்பாடுகளும் அவரவர் வேலையைச் சரியாகவே செய்தன.

மூன்றாவதாக ஓர் ஏற்பாடு இருக்கவேண்டியது. அது பாதி இருந்தது. கல்வெட்டுத் துறையினர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே டணாய்க்கன்கோட்டைக்கு வந்து கல்வெட்டுகளைப் படியெடுத்துவிட்டார்கள். மாதவ தண்டநாயகனைப் பற்றி மேலே எழுத முடிந்ததற்கு அந்த வேலைதான் காரணம். வேடிக்கை என்னவென்றால், மத்திய அரசின் கல்வெட்டு அலுவலகம் 1966-இல் மைசூருக்கு மாறும்வரை ஊட்டியில்தான் இருந்தது. அணை எழும்பிய ஏழு வருஷமும் அந்த அலுவலகத்துக்கு மலை அடிவாரத்தில்தான் இந்த வேலை நடந்தது. ஆனால் அவர்கள் கடமை வாசகத்தோடு முடிந்தது. கோட்டையை அளந்து வரைபடம் போடுவதும், மண்மேட்டைத் தோண்டிப் பார்ப்பதும், மண்டபத்தைக் கல் கல்லாகப் பிரித்து மேட்டில் அடுக்குவதும் வேறு ஆட்களின் வேலை. தமிழகத்துக்கென்று தொல்லியல் துறை வந்தது 1961-இல். அதற்குள் அணை கட்டி முடிந்து ஆறு வருஷம் ஆகிவிட்டது.

அதே வருஷங்கள், வேறு ஓர் ஆறு

அந்தக் காலத்தில் யாருக்கும் இந்த யோசனையே வரவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. கிருஷ்ணா ஆற்றில் நாகார்ச்சுனசாகர் அணைக்கு நேரு அடிக்கல் நாட்டியது 1955 டிசம்பரில். அதற்கு முந்தின வருஷமே மத்திய தொல்லியல் துறை நாகார்ச்சுனகொண்டாப் பள்ளத்தாக்கில் இறங்கித் தோண்டத் தொடங்கிவிட்டது. 1960 வரை தோண்டினார்கள். இக்குவாகு காலத்துப் பௌத்த விகாரைகள், தூபிகள், விளையாட்டரங்கம் எல்லாம் வெளியே வந்தன. முக்கியமான சிலவற்றைப் பெயர்த்து, நீருக்கு மேல் தீவாக நிற்கப்போகிற குன்றின் உச்சியில் திரும்பக் கட்டினார்கள். அங்கேயே அருங்காட்சியகமும் வைத்தார்கள். எகிப்தில் அபு சிம்பெல் கோயில்களை வெட்டி மேலே தூக்கியது இதற்குப் பிறகுதான், 1964-க்கும் 1968-க்கும் இடையில்.

பவானிசாகர் முடிந்த வருஷமும் நாகார்ச்சுனசாகர் தொடங்கிய வருஷமும் ஒன்றே. ஒரே நாடு, ஒரே தொல்லியல் துறை. வித்தியாசம் எங்கே? நாகார்ச்சுனகொண்டா 1920-களிலேயே கண்டுபிடிக்கப்பட்டுப் புகழ் பெற்றுவிட்டது. பௌத்தம் என்றால் உலகம் திரும்பிப் பார்க்கும். டணாய்க்கன்கோட்டை ஓர் எல்லைப்புறக் கோட்டை. கன்னட அரசின் கை நீண்டு வந்து தமிழ்ச் சமவெளியில் ஊன்றிய இடம். மைசூர்க்காரருக்கு அது தமிழ்நாட்டில் கிடக்கும் சங்கதி. தமிழ் வரலாறு எழுதுகிறவருக்குச் சோழரும் பாண்டியரும் இருக்க, 14-ஆம் நூற்றாண்டு போசளத் தண்டநாயகன் ஓர் அடிக்குறிப்பு. இரண்டு வரலாறுகளுக்கும் ஓரத்தில் இருந்த ஊருக்காக மல்லுக்கு நிற்க யாரும் இல்லை.

இந்த இடத்தில் காவிரிக்கு மேலே போய்ப் பார்ப்பதும் நல்லது. கிருஷ்ணராஜசாகர் அணையில் மூழ்கிய கண்ணம்பாடி வேணுகோபாலசாமி கோயிலும் போசளர் காலத்ததுதான். எழுபது வருஷத்துக்கு மேல் தண்ணீரில் கிடந்த அந்தக் கோயிலை, ஒரு தனியார் அறக்கட்டளையின் முயற்சியால் கற்களுக்கு எண் போட்டுப் பெயர்த்து, நீர்ப்பரப்புக்கு வெளியே திரும்ப நிறுத்தியிருக்கிறார்கள். இத்தனை காலம் கழித்தும் செய்ய முடியும் என்பதற்கு அது சாட்சி. நிறுத்தியபின் அது பழைய கோயில்தானா, பழைய கல்லில் கட்டிய புதுக் கோயிலா என்ற சர்ச்சையும் கூடவே வரும். எனக்கு அதில் பெரிய மனக்குறை இல்லை.

மேட்டூர்: நட்டம் இங்கே, நெல் அங்கே

கொங்கின் வட எல்லையாகப் பழம்பாட்டு சொல்லும் பெரும்பாலைக்குப் பக்கத்தில் இருக்கிறது மேட்டூர். 1925-இல் தொடங்கி, 1934 ஆகஸ்ட் 21-இல் சென்னை மாகாண ஆளுநர் ஸ்டான்லி திறந்துவைத்தார். 120 அடி, 93.47 டிஎம்சி. பண்ணவாடி, நாயம்பாடி முதலான ஊர்க்காரர்கள் கோயிலையும் மாதாகோயிலையும் இடிக்காமல் அப்படியே விட்டுவிட்டு மேடேறினார்கள். நீர்மட்டம் நன்றாக இறங்கும் வருஷங்களில் மாதாகோயிலின் இரட்டைக் கோபுரம் முதலில் தலைகாட்டும். இன்னும் வற்றினால் சலகண்டேசுவரர் கோயில் நந்தி. உடனே பரிசல்காரர்களுக்கு வருமானம், பொரித்த மீன் கடைகளுக்குக் கூட்டம், எல்லா நாளிதழிலும் ஒரே படம். வெளுத்த வண்டலில் கடலையும் எள்ளும் கம்பும் விதைத்து, அடுத்த வெள்ளத்துக்குள் அறுத்துவிடப் பார்ப்பார்கள் சுற்றுவட்டாரத்து விவசாயிகள்.

இரண்டு அணைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று புரிகிறது. மேட்டூர் கட்டியது தஞ்சாவூர் டெல்டாவுக்காக. மூழ்கின ஊருக்கும் பாய்ந்த வயலுக்கும் நடுவே எந்த உறவும் இல்லை. கிழக்குக் கரை, மேற்குக் கரை வாய்க்கால்கள் வந்து சேலம், ஈரோடு, நாமக்கல் பகுதிகளில் 45,000 ஏக்கர் பாசனம் பெற்றது 1955-இல், இருபது வருஷம் கழித்து. பவானிசாகர் அப்படியல்ல. மூழ்கியதும் கொங்கு, பாய்ந்ததும் கொங்கு. சத்திப் பக்கம் நிலத்தை விட்டவனுக்கும் பெருந்துறைப் பக்கம் தண்ணீர் வாங்கினவனுக்கும் நடுவில் கொடுக்கல் வாங்கலும் கல்யாணத் தொடர்பும் உண்டு. வயல் பச்சையாகத் தெரிகிறபோது, மேலே போனதைப் பற்றிப் பேசுவது நன்றிகெட்ட பேச்சாகிவிடுகிறது. மேட்டூரில் மூழ்கியதைப் பற்றி ஊர்க்காரர்கள் உரிமையோடு புலம்புவார்கள். பவானிசாகரில் அந்தக் குரல் அடங்கிப்போனதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு முரணும் உண்டு. எழுநூறு கோடிக்கு மேல் செலவில் கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் தளம் போடும் திட்டம் வந்தபோது, விவசாயிகள் இரண்டாகப் பிரிந்தார்கள். கடைமடைக்காரர்கள் தண்ணீர் வந்து சேர்ந்தால் போதும் என்றார்கள். மற்றவர்கள் மண் வாய்க்காலையும் கரை மரங்களையும் கசிவுநீரில் ஊறும் கிணறுகளையும் காட்டி, எங்கள் மரபு அழியப்போகிறது என்றார்கள். எழுபது வருஷத்துக்கு முன் ஒரு மரபின்மேல் ஓடி வந்த வாய்க்காலே இன்று மரபாகிவிட்டது. தவறில்லை, காளிங்கராயன் வாய்க்காலும் ஒரு நாள் புதிதாக இருந்ததுதானே.

தண்ணீர் செய்ததும் மனிதர் செய்வதும்

கல் கட்டடத்துக்குத் தண்ணீர் அவ்வளவு பெரிய எதிரி அல்ல. எப்போதும் மூழ்கியே கிடந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. கெடுப்பது ஏறி இறங்கும் நீர்தான். நனைவதும் காய்வதும் மாறி மாறி நடக்கையில் கல்லிடுக்கில் சுண்ணாம்பு கரைந்து போகிறது, செங்கல் உதிர்கிறது, அலை அடித்து அடித்து அடிமண்ணை அரிக்கிறது. அதனால்தான் கல்மண்டபம் நிற்கிறது, செங்கல் வேலை எல்லாம் போய்விட்டது. மேட்டூர் மாதாகோயில் கோபுரம் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாவதும் இதனால்தான். மறுபக்கம், ஆறு கொண்டுவரும் வண்டல் படிந்து தரைமட்டத்தில் உள்ளதை மூடுகிறது. அது ஒரு வகையில் பாதுகாப்பு.

மனிதன் செய்யும் கேடு வேறு. பவானிசாகரில் நீர்மட்டம் ஐம்பது அடி வாக்குக்கு இறங்கி மாதவராயப் பெருமாள் கோயில் தெரியத் தொடங்கினால், புதையல் கிடக்கும் என்று கடப்பாரையோடு போகிறவர் உண்டு. கோட்டை என்றாலே புதையல் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக ஊறிக் கிடக்கிறது. தூணில் பெயர் கீறுகிறவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கோயில் சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தை ஒட்டிய நீர்த்தேக்கத்துக்குள் இருப்பதால் வனத்துறை, நீர்வளத்துறை இரண்டின் கெடுபிடியும் உண்டு. அது ஒருவகைக் காவலாக இருக்கிறது. ஆனால் அதே கெடுபிடி முறையாக ஆய்வு செய்ய வருகிறவரையும் நிறுத்திவைக்கிறது.

இனி செய்ய முடிவது

கண்ணம்பாடி மாதிரி பெயர்த்துக் கட்டுவது கோடிகள் வேண்டிய வேலை. அதற்கு முன்னால் குறைந்த செலவில் முடிகிற வேலைகள் இருக்கின்றன. முதலாவது, காகிதத்தில். மூழ்கிய கிராமங்களின் பழைய நில அளவை வரைபடங்கள், ‘அ’ பதிவேடுகள், நில எடுப்புத் தீர்ப்பாணைகள். கோட்டையைப் பொருட்படுத்தாத அந்தத் தீர்ப்பாணையில்தான் எந்தக் காட்டில் எத்தனை புளியமரம், யார் வீடு எந்தத் தெருவில், ஊர்க்கிணறு எங்கே என்பதெல்லாம் இருக்கும். பழைய வரைபடத்தை இன்றைய செயற்கைக்கோள் படத்தின்மேல் வைத்துப் பார்த்தாலே, நீருக்கடியில் எந்த மதில் எங்கே ஓடியது என்று பெருமளவு சொல்லிவிடலாம். காட்டுப் பெயர்கள் அதில் கிடைத்தால் அதுவே தனிச் செல்வம்.

இரண்டாவது, வற்றிய கோடையில். ஆகஸ்டில் வாய்க்காலுக்குத் தண்ணீர் திறப்பதற்கு முன், சித்திரை வைகாசியில் நீர்மட்டம் அடியில் கிடக்கும். நீலகிரியில் மழை பிந்தினால் மண்டபம் முழுசாக வெளியே வரும். அந்த நாலைந்து வாரத்தில் ட்ரோன் படமும் முப்பரிமாண அளவெடுப்பும் செய்துவிட முடியும். கோவையிலும் ஈரோட்டிலும் கட்டடக் கலைக் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. மாணவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் வேறு கிடைக்காது. சிக்கல் அனுமதியில். நீர் இறங்கிய பிறகு விண்ணப்பித்தால் வனத்துறை, நீர்வளத்துறை, தொல்லியல் துறை மூன்றும் கையெழுத்துப் போட்டு முடிப்பதற்குள் நீலகிரியில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். ஆகையால் மூன்று துறையும் சேர்ந்து, நீர்மட்டம் இன்ன அடிக்குக் கீழே போனால் ஆய்வுக்குழு இறங்கலாம் என்று முன்கூட்டியே ஒரு நிலையாணை போட்டுவைக்க வேண்டும். அதற்கான கோப்பை மாசி மாதத்திலேயே ஈரோடு கலெக்டர் அலுவலகத்தில் தொடங்கினால் வேலை நடக்கும்.